டிபிஎஃப் லைட் தொல்லை: டீசல் எஸ்யூவி வெச்சிருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கமுங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒரு காம்பாக்ட் எஸ்யூவி வாங்கி ஓட்டிட்டு இருக்கேன். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல். வீடும் கடையும் கோபியிலயே, அதனால சின்னச் சின்ன ஓட்டந்தான். இப்போ டிபிஎஃப் (புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) லைட் எரியுது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது.

இதுல பயம் என்னன்னா, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தா ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிக்குது. மோந்தா டீசல் வாசம்! ஓட ஓட ஆயில் குறையணும், இங்க ஏறுது. ஃபில்டர்ல சேர்ற கரியை எரிக்க நல்ல சூடு வேணுமாம். ஊருக்குள்ளயே ஓட்டுனா கரி எரியறது பாதியில நின்னு, எரிக்கறதுக்குன்னு கூடுதலா அடிக்கிற டீசல் ஆயில்ல கலந்துடுதுன்னு நம்ம மெக்கானிக் அண்ணன் சொன்னார். பெருந்துறை பைபாஸ்ல ஏத்தி ஒரே வேகத்துல ஓட்டினேன். லைட் அணைஞ்சுது, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துருச்சு.

சர்வீஸ் சென்டர்ல ஃபில்டரையே மாத்தணும்ங்கறாங்க. வித்த புரோக்கர் போனே எடுக்கறதில்லை. காசு கைக்குப் போற வரைக்கும் வாய் நிறைய அண்ணா!

கழட்டி கிளீன் பண்ணுனவங்க இருக்கீங்களா, எத்தனை நாள் தாங்குச்சு? பிரஷர் சென்சார் கோளாறுலயும் இப்படி லைட் வருமா? கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் நல்லா ஸ்கேன் பண்ணிப் பார்க்கற ஆள் இருந்தா சொல்லுங்க. குடும்பத்தோட தாளவாடி போகணும், திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு. நடுவுல வண்டி தானா பவரைக் குறைச்சுக்கிட்டு லிம்ப் மோடுக்குப் போனா சிரமமுங்க.

வித்துட்டு பெட்ரோல் வண்டி வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க, அதை வீட்டுலயே தினமும் கேட்டுட்டு இருக்கேன்.