லீவு முடிந்து கிளம்பும்போது டேங்கில் விட்டுவரும் பெட்ரோல்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் தோப்பில் களை வெட்டலாம் என்று பிரஷ் கட்டரை எடுத்தேன். முந்தின வருசம் லீவில் வந்தபோது அப்பாவுக்காக நானே வாங்கிக் கொடுத்தது. வாங்கிய மூன்று வாரமும் நான்தான் ஓட்டினேன், அப்புறம் யாரும் தொடவில்லை. இருபது தடவை கயிற்றை இழுத்திருப்பேன், ஒரு உறுமல்கூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "வருசத்துக்கு ஒருக்கா வந்து தொட்டா அது கோவிச்சுக்காதா கண்ணு?" என்றார்.

காங்கேயத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மெஷினைப் பார்க்கக்கூட இல்லை. டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பெட்ரோல் எத்தன நாளா இருக்குதுங்க?" "பத்து மாசம் இருக்குமுங்க." அவ்வளவுதான், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோல் வரும் ஜெட் துளை அடைத்துவிட்டது. சவ்வு விறைத்துப்போய் அட்டை மாதிரி ஆகிவிட்டது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை விரலால் மடக்கினார், பட்டென்று முறிந்தது. வெளிநாட்டிலிருந்து நம் மக்கள் லீவுக்கு வரும் தை, சித்திரை இரண்டு மாதத்திலும் இந்த வேலைதான் தனக்கு அதிகம் என்றார். இதை எழுதக் காரணமே அந்த ஒரு பேச்சுதான். இந்த மடலைப் படிக்கும் நம்மவர்களின் ஊர் வீடுகளில் பாதிக்குமேல் நாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த பவர் வீடரோ, ஸ்பிரேயரோ, ஜெனரேட்டரோ ஒன்று சும்மா கிடக்கும்.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை, பலவற்றின் கலவை. அதில் லேசாக இருப்பவை முதலில் ஆவியாகிப் போகும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சட்டென்று பற்றிக்கொள்ள உதவுவது அவைதான். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகும். பாதி டேங்க் பெட்ரோல், மீதி காற்று என்றால் இது இன்னும் சீக்கிரம். இது எப்போதும் உள்ள கதை. இப்போது கூடுதலாக எத்தனால் வந்திருக்கிறது. 2022இல் நூற்றுக்குப் பத்து என்று இருந்தது, இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இருபது. கரும்பு ஆலைக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், குருணை இவற்றிலிருந்து வடிப்பது. (மக்காச்சோளம் விலை ஏறியதற்கு நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் இதைத்தான் திட்டுகிறார்கள். அது வேறு சண்டை.) எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கார்பரேட்டருக்குள் பச்சை, வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் இதனால் வந்த அரிப்பு.

காரில், பைக்கில் வாரத்துக்கு ஒரு தடவை புதிதாக ஊற்றுகிறோம், அதனால் தெரிவதில்லை. சும்மா நிற்கிற சின்ன இன்ஜினில்தான் வினை. டேங்கிலேயே கிடந்தால் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நான் நம்பமாட்டேன். நன்றாக மூடிய கேனில், நிழலில், மூன்று மாதம். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்காகக் கலந்து வைத்ததென்றால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் கலப்பதே மேல். 25க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி ஆயில், 50க்கு 1 என்றால் 20 மில்லி. அப்பா அவசரத்துக்கு ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால் உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பழைய பெட்ரோலே தேவலை.

ஊரைவிட்டுக் கிளம்பும் முந்தின நாள் நான் இப்போது செய்வது இது: டேங்கைக் கேனில் வடித்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கார்பரேட்டரில் உள்ளதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை பார்ப்பேன். பெட்ரோலைத் திறந்து மூடும் காக் உள்ள, ஆயில் கலக்காத ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின் என்றால் காக்கை மூடிவிட்டு ஓட்டினால் போதும். அதில் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருக்கும், அதையும் இளக்கி மிச்சத்தை வடித்துவிடலாம். பத்து நிமிச வேலை. வடித்த பெட்ரோலை அன்றே தம்பியின் வண்டியில் ஊற்றிவிடுவேன். ஆயில் கலந்ததாக இருந்தால் அதை டூ ஸ்ட்ரோக் மெஷின் வைத்திருக்கும் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

பழசாகிப்போனதை என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். நிறம் மாறாமல், ஒரே தெளிவாக இருந்தால், காரிலோ பைக்கிலோ ஒரு பங்கு பழசுக்கு நாலு பங்கு புதுசு சேர்த்து ஓட்டித் தீர்த்துவிடலாம். சின்ன மெஷினில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தாலோ, தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்து புளித்த வார்னிஷ் வாடை அடித்தாலோ எந்த இன்ஜினுக்கும் ஆகாது. வாய்க்காலில், கிணற்றோரம் கொட்டாதீர்கள். தென்னை மட்டையும் குப்பையும் கொளுத்த அதை ஊற்றுவது நம் பக்கம் வழக்கம், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஊற்றிவிட்டுத் தீக்குச்சி தேடும் நேரத்தில் ஆவி நம் காலடிவரை வந்து நிற்கும். என்னுடையதை அந்த மெக்கானிக் உதிரி பாகம் கழுவ வைத்துக்கொண்டார். மரத்தடியில், வெளியில் வைத்துக் கழுவுகிறவர்.

இனித்தான் நான் பயந்துபோன விசயம். மெக்கானிக் கடையிலிருந்து திரும்பி, மிச்ச பெட்ரோல் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். "மோட்டார் ரூம்லதான் இருக்குது சாமி, பத்திரமா வெச்சிருக்கறேன்" என்றது. போய்ப் பார்த்தால் ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் கேன், வெயிலில் உப்பி பானை மாதிரி இருக்கிறது. வைத்திருக்கும் இடம், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர் கீழே. கதவைத் திறந்ததுமே வாடை.

நம் ஊரில் எல்லாத் தோட்டத்திலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டாகிவிட்டது. த்ரீ பேஸ் கரண்ட் நடு ராத்திரி வந்தாலும் ஆள் இல்லாமல் மோட்டார் ஓடும். ஒவ்வொரு தடவையும் உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காண்டாக்டர் அடிக்கும், பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போய்க் கலையாது, தரையோடு தவழ்ந்து மூலையிலும் பள்ளத்திலும் தேங்கும். ஜன்னல் இல்லாத எட்டுக்கு எட்டு அறை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி சேர்ந்தால் பற்றிக்கொள்ளப் போதும். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே உள்ள குளிரிலேயே பற்றும் அளவு ஆவி விடும் பொருள் இது, கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் கேட்கவா வேண்டும்? டீசல் கேனை அந்த அறையில் வருசக்கணக்காக வைத்துப் பழகியவர்கள் நாம். டீசல் நம் வெயிலில் அப்படி ஆவி விடாது, அந்தப் பழக்கத்தில்தான் பெட்ரோலும் அங்கே போய்விட்டது. அம்மா மேல் தப்பில்லை. எங்கே வைப்பது என்று நான் சொல்லிவிட்டு வரவில்லை.

1934ஆம் வருசப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர்வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுக மூடும் பாத்திரமாக இருக்க வேண்டும். உலோகம் என்றால் ஒன்றில் 25 லிட்டருக்கு மேல் கூடாது, கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர். பிளாஸ்டிக் எண்ணெய் கேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. திருப்பூரில் திருகு மூடி, ரப்பர் வாஷரோடு 10 லிட்டர் இரும்பு கேன் ஒன்று வாங்கினேன். கழுத்துவரை நிரப்பக் கூடாது, வெயிலில் விரிய இடம் வேண்டும். ஊற்றும்போது கேன் தரையில் இருக்கட்டும். வண்டியில், மடியில் வைத்து ஊற்றினால் நிலைமின்சாரப் பொறி அடிக்க வாய்ப்புண்டு. சூடான இன்ஜினில் ஊற்றாதீர்கள், ஆறட்டும். எங்கள் கேன் இப்போது மாட்டுக்கொட்டகைக்கு அப்பால், வைக்கோல் போரிலிருந்தும் தள்ளி, சுற்றிலும் கம்பி வலை அடித்த ஒரு சின்னக் கூண்டில் நிழலில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வாளி மணல். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும்.

தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறவர்களுக்கு ஒன்று. பேரன் பேத்தி எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரும்பி வருவது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. நேராக ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் 108. குழாயை வாயால் உறிஞ்சி டேங்க் வடிக்கும் மாமன் மச்சான்களுக்கும் இதே பதில்தான்.

வெளிநாட்டில் புல்வெட்டி வைத்திருக்கும் நமக்கும் இது பொருந்தும், குளிர்காலம் முழுக்க அது சும்மாதான் நிற்கிறது. பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுவதென்றால் புதுப் பெட்ரோலில் ஊற்றுங்கள், கெட்டதை அது மீட்காது. கேஸ் ஹீட்டர் எரியும் கராஜில் பெட்ரோல் கேன் வைத்திருப்பவர்கள் இன்றே எழுந்துபோய் மாற்றிவிடுங்கள்.

எங்கள் பிரஷ் கட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. சித்திரையில் ஊருக்கு வருகிறவர்கள் புதிதாக வாங்க வேண்டியதில்லை, அப்பாவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆயில் பாட்டில் கூடவே தொங்கும். திருப்பிக் கொடுக்கும்போது டேங்க் காலியாக இருக்கட்டும், அப்பா மூடியைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவார்.

அன்புடன்,
தெற்குத் தோட்டத்துக்காரன்