மேலே உருவும்போது சிக்கிய பைப்பை ஏன் கீழ்நோக்கி அடிக்கிறார்கள்? ஹைட்ராலிக் ஜார் பற்றி ஒரு சந்தேகம்

வேளச்சேரி_பயிற்சியாளர்:
வணக்கம். காவிரிப் படுகையில், திருவாரூர் பக்கம் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில் பயிற்சி இன்ஜினியராக இருக்கிறேன். இப்போது விடுப்பில் சென்னை வந்திருக்கிறேன். போன டியூட்டியில் துளையிடும் முனையான பிட்டை மாற்றுவதற்காக ஸ்ட்ரிங்கை (கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் முழு பைப் வரிசை) உருவிக்கொண்டிருந்தபோது பைப் சிக்கிக்கொண்டது. மேலே இழுப்பார்கள் என்று பார்த்தால், டிரில்லர் எடையைக் கீழே இறக்கிவிட்டு பிரேக்கைப் பிடித்தபடி நின்றார். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம் தரை அதிர ஒரு அடி. திரும்பத் திரும்ப இதையே செய்து கடைசியில் பைப் விடுபட்டது. எல்லோரும் டென்ஷனில் இருந்ததால் யாரிடமும் கேட்க முடியவில்லை. மேலே வரவேண்டிய பைப்பை ஏன் கீழே அடிக்க வேண்டும்? பைப் வரிசையில் மாட்டியிருக்கும், சிக்கினால் அடித்து விடுவிக்கும் கருவியான ஜாருக்குள் அந்த ஒரு நிமிடம் என்ன நடக்கிறது? தொங்கும் எடையைக் காட்டும் வெயிட் இண்டிகேட்டரில் எந்த எண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பழைய_டூல்புஷர்:
தம்பி, உங்கள் டிரில்லர் சரியாகத்தான் செய்திருக்கிறார். பைப் சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டுதான்: சிக்கும்போது பைப் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது, பம்ப் செய்யும் மட் (துளையிடும் சேறு) சுற்றி மேலே வருகிறதா. மேலே வரும்போது சிக்கினால் பெரும்பாலும் காலர் (பிட்டுக்கு மேலே உள்ள கனமான தடித்த பைப்) கீசீட் பள்ளத்தில் (டிரில் பைப் உரசித் துளைச்சுவரில் வெட்டிய குறுகிய பள்ளம்) மாட்டியிருக்கும், இல்லாவிட்டால் துளையில் தங்கிய கட்டிங்ஸ் (பாறைத் துகள்) பிட்டுக்கு மேலே குவிந்து அடைத்திருக்கும். இரண்டிலும் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். கீழே இருப்பது பைப் ஏற்கெனவே தாராளமாகக் கடந்து வந்த இடம், அங்கே திருப்பி அனுப்புவதுதான் முதல் வேலை. கீழே இறக்கும்போது குறுகிய துளையில் செருகிக்கொண்டால் நேர் எதிர், முதல் அடி மேல்நோக்கி.

அந்த ஒரு நிமிடம்தான் ஜாரின் உயிர். உள்ளே எண்ணெய் நிரம்பிய அறை, அதில் மாண்ட்ரலோடு (ஜாருக்குள் நகரும் தண்டு) சேர்ந்த பிஸ்டன். அறையின் குறுகிய பகுதியில் பிஸ்டன் இருக்கும் வரை எண்ணெய் மிகச் சிறிய வழியில் கசிந்துதான் மறுபக்கம் போக முடியும். மேலே இழுத்துப் பிடித்திருந்தால் அந்த நேரம் முழுக்க டிரில் பைப் வில்லை வளைத்துப் பிடித்தது மாதிரி நீண்டு நிற்கும். கீழ் அடிக்கு, ஜாருக்கு மேலே இருக்கும் காலர், ஹெவி வெயிட் பைப்பின் பாரம்தான் சுமையாக அழுத்தி நிற்கும். பிஸ்டன் அகலமான பகுதியைத் தொட்டதும் எண்ணெய்க்குத் தடை போய்விடும், மாண்ட்ரல் வேகமாக ஓடி அதிலுள்ள சுத்தியல் அடைகல்லில் மோதும். பொறுமையில்லாமல் பாதியில் எடையை மாற்றினால் அந்த அடி கிடைக்காது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். விடாமல் அடித்துக்கொண்டே போனால் எண்ணெய் சூடாகி இளகும், காத்திருக்கும் நேரமும் குறையும். அப்போது கொஞ்சம் ஆறவிட வேண்டும்.

எண் விஷயம். சிக்குவதற்கு முன் மேலே வரும்போது காட்டிய எடை 90 டன், ஜாருக்குக் கீழே உள்ளது 8 டன் என்று வையுங்கள். மேல் அடிக்கு ஜாரில் 30 டன் இழுவை வேண்டுமானால் 90 கழித்தல் 8, கூட்டல் 30, அதாவது 112 டன் வரை இழுத்து பிரேக் போட வேண்டும். டிரில் பைப் அதைத் தாங்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். பம்ப் ஓடினால் மட் அழுத்தம் மாண்ட்ரலைத் திறக்கும் பக்கம் தள்ளும். மேல் அடிக்கு அது துணை, கீழ் அடிக்கும் ஜாரைத் திரும்ப மூடுவதற்கும் எதிரி. அதனால் கீழே அடிக்கும்போது பம்பைக் குறைப்பார்கள்.

மட்_இன்ஜினியர்_அடையாறு:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பைப் அசையாமல் நின்றிருந்தபோது சிக்கியது, ஆனால் சர்குலேஷன் (மட் சுழற்சி) நன்றாக வருகிறது என்றால் ஜாரை மட்டும் நம்பாதீர்கள். மட் அழுத்தம் பைப்பை மணல் அடுக்கின் மேல் ஒட்டிப் பிடித்திருக்கிறது. 500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்த வித்தியாசம், 3 அங்குல அகலம், 30 அடி நீளம் ஒட்டியிருந்தால் தொடும் பரப்பு 1,080 சதுர அங்குலம், அழுத்தும் விசை 5,40,000 பவுண்டு. உராய்வுக் கெழு 0.2 என்றாலும் விடுவிக்க 1,08,000 பவுண்டு வேண்டும். நேரம் போகப் போக ஃபில்டர் கேக் (துளைச்சுவரில் படியும் மட் படலம்) தடித்து ஒட்டும் அகலமும் கூடும். ஜார் அடித்துக்கொண்டிருக்கும்போதே பைப் விடுவிக்கும் திரவத்தைத் தயார் செய்யச் சொல்லுங்கள். கிணற்றின் பாதுகாப்பு இடம் கொடுத்தால் மட் எடையைக் குறைப்பதையும் யோசிக்க வேண்டும்.

தாம்பரம்_போர்வெல்:
நாங்கள் பல்லாவரம், தாம்பரம் பக்கம் சார்னகைட் பாறையில் போர் போடுகிறவர்கள். கேசிங்குக்குக் கீழே கல் சரிந்து ஹாம்மர் (ராடின் அடியில் பாறையை உடைக்கும் கருவி) மேல் உட்கார்ந்துவிட்டால் ராடோடு போய்விடும், பெரிய நஷ்டம். இந்த ஜாரை எங்கள் வண்டியில் மாட்டலாமா அண்ணா?

பழைய_டூல்புஷர்:
தம்பி, மாட்டினாலும் பெரிய பலன் இருக்காது. மேல் அடிக்குச் சக்தி பைப்பின் நீட்சியிலிருந்து வருகிறது. அடிக்கு 19.5 பவுண்டு எடை ரக 5 அங்குல டிரில் பைப்பில் சுமார் 5,270 அடியை 50,000 பவுண்டு கூடுதலாக இழுத்தால் 20 அங்குலம் நீளும். உங்கள் 200 அடி ராடில், வண்டியின் இழுவைக்கு, ஒரு அங்குலம்கூட வராது. ஆழம் குறைந்த இடத்தில் ஜாருக்கு மேலே ஆக்சிலரேட்டர் என்று ஒரு கருவி சேர்ப்பார்கள், அதற்குள் அழுத்தப்படும் திரவம் அந்த நீட்சியின் வேலையைச் செய்யும். ஆனால் அதற்கும் கனமான காலர் வேண்டும், செலவு கட்டாது. உங்களுக்குக் காற்றை நிறுத்தாமல், சுழற்சியை விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் ஆட்டி அந்தக் கல்லை அரைத்து வெளியே ஊதுவதுதான் வழி. ஃபோம் இருந்தால் காற்றோடு சேர்த்து உள்ளே செலுத்துங்கள். கேசிங்கைக் கெட்டிப் பாறை வரை இறக்கினாலே பாதிப் பிரச்சினை வராது.

வேளச்சேரி_பயிற்சியாளர்:
ரொம்ப நன்றி சார், இப்போது படமே தெளிவாகிவிட்டது. அடித்தும் வரவில்லை என்றால் எதுவரை அடிப்பார்கள்?

பழைய_டூல்புஷர்:
பைப் கொஞ்சமாவது நகரும் வரை நம்பிக்கை உண்டு. நகரவே இல்லை என்றால் மேலே சொன்ன நீட்சிக் கணக்கை வைத்து எந்த ஆழம் வரை பைப் சுதந்திரமாக இருக்கிறது என்று தோராயமாகப் பார்ப்பார்கள். அப்புறம் சிக்கிய இடத்தைக் காட்டும் ஃப்ரீ பாயின்ட் கருவி இறக்கி உறுதி செய்து, சிக்கிய இடத்துக்கு மேலே உள்ள ஜாயின்ட்டை ஸ்ட்ரிங் ஷாட் என்ற சிறு வெடியை வெடித்துக் கழற்றி எடுப்பார்கள். மீன்பிடிப்பதா (கீழே விட்டதை மீட்டெடுப்பது), சைடுடிராக் போவதா (பக்கவாட்டில் புதுத் துளை போடுவது) என்பது ரிக்கின் நாள் வாடகையையும் கீழே விட்ட கருவிகளின் விலையையும் பார்த்து ஆபீஸ் எடுக்கும் முடிவு.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். ஜார் அடிக்கும்போது டெரிக்கில் (ரிக்கின் கோபுரம்) உள்ள போல்ட், பின், லைட் எல்லாம் தளரும். மேலிருந்து ஒரு போல்ட் விழுந்தாலே ஆள் போய்விடும். தொடங்குவதற்கு முன் ரிக் ஃப்ளோரைக் காலி செய்யச் சொல்லுங்கள், பயிற்சியில் இருக்கிறோமே என்று தயங்காதீர்கள். முடிந்த பிறகு டாப் டிரைவ் (பைப்பைச் சுழற்றும் இயந்திரம்), டிரில்லிங் லைன் (பாரத்தைத் தூக்கும் கம்பிவடம்), டெரிக் மூன்றையும் ஆய்வு செய்யாமல் அடுத்த பைப் ஸ்டாண்டை உருவக் கூடாது.