வேறு பெயரில் போருக்குப் போய் மாண்டவர்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் பாட்டியின் தம்பி 1943இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கட்டாய வேலையாள் அனுப்பும் பட்டியலில் தம் பெயரைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிவிட்டார் என்று கேள்விப்பட்டு, இரவோடு இரவாகத் தோட்டத்தை விட்டுப் போய், முகாமில் வேறு பெயர் கொடுத்திருக்கிறார். அது வீட்டில் யாருக்கும் தெரியாது. போர் முடிந்த பிறகு, பர்மாவில் அவருடன் இருந்த ஒருவர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து, குழாயடியில் நின்ற என் பாட்டியிடமே அவர் முகாமில் கொடுத்திருந்த பெயரைச் சொல்லி வீட்டை விசாரித்தார். அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று சொல்லி, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார் பாட்டி. வந்தவர் குடித்துவிட்டுச் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுவார். இறந்தவரின் புருவத்தில் வெட்டுத் தழும்பு இருந்ததாக அந்த மனிதர் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிச் சென்றது பல மாதம் கழித்துக் காதுக்கு எட்டியபோதுதான், அவர் தேடி வந்தது எங்கள் வீட்டைத்தான் என்று புரிந்தது. அதற்குள் அவர் எங்கே போனார் என்று சொல்ல ஆள் இல்லை.

வேன் ஓட்டுநர்:

தைப்பிங் போர்க் கல்லறைக்கு வெளிநாட்டுக் குடும்பங்களை அழைத்துப் போயிருக்கிறேன். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் இந்திய, கூர்க்கா வீரர்கள். 850க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கும் மேல் அடையாளம் தெரியாதவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு மூதாட்டியின் அண்ணன், வயது போதாமல் பொய்ப் பெயரில் சேர்ந்தவராம். கல்லில் வெட்டியிருந்த பெயரை அவர் வாசிக்கவே இல்லை. முழங்காலிட்டு, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி அண்ணனை இரண்டு முறை அழைத்தார். நான் வேன் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஆசிரியர் ஐயா, நீங்களும் ஒருமுறை தைப்பிங் வந்து பாருங்கள்.

பத்து காஜா வாசகர்:

ஓட்டுநர் அண்ணன் நல்ல மனத்தோடு சொல்லுகிறார். ஆனால் ஆசிரியரின் தாத்தாவைத் தைப்பிங்கில் தேடிப் பயனில்லை. அங்கே கல் வைத்திருப்பது பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளில் இறந்தவர்களுக்கு. அவர்களை எதிர்த்துப் போரிட்ட நேதாஜியின் படைக்கு அங்கே இடம் இல்லை. சிங்கப்பூர்க் கடற்கரையில் அந்தப் படைக்கென்று 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தையும் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சிறைச்சாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு லிம் போ செங் நினைவுக்கு வருவார். ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷாரின் இரகசியப் படையான 136ஆம் படைப்பிரிவில் இருந்த அவர், தம் குடும்பத்தை ஜப்பானியர் பழிவாங்கக் கூடாது என்பதற்காக டான் சூன் லிம் என்ற பெயரில் இயங்கி, பிடிபட்டு, 1944 ஜூன் 29 அன்று இங்கே இறந்தார். 1946 ஜனவரியில் சிங்கப்பூரில் சொந்தப் பெயரில், முழு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இரண்டு பெயர்களையும் அறிந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். தோட்டத்துப் பையன்களுக்கு அப்படி யாரும் இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோலகங்சார் வாசகர்:

என் பெரியப்பா பிரிட்டிஷ் இந்தியப் படையில் மாற்றுப் பெயரில் சேர்ந்து மாண்டவர்; சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்தில் அவரைக் கண்டுபிடித்தோம். எப்படி என்பதைச் சொல்லுகிறேன், தேடுகிற எல்லாருக்கும் பயன்படும். அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பொய்ப் பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுவார்கள். தகப்பன் பெயர், சொந்த ஊர், தகவல் அனுப்ப வேண்டிய உறவினர் ஆகியவற்றை மாற்ற அவர்களுக்கு மனம் வருவதில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பல இந்திய வீரர்களுக்கு "இன்னாருடைய மகன், இன்ன ஊர்" என்ற குறிப்பு உண்டு. நாங்கள் பிடித்தது அதைத்தான். சிலருக்கு "இன்ன பெயரில் பணியாற்றியவர்" என்றே எழுதியிருப்பார்கள். சான்று கொடுத்தால் பதிவைத் திருத்தவும் செய்கிறார்கள். ஆகவே பிறப்புப் பத்திரம், பழைய கடிதம், புகைப்படம் எதையும் எறிந்துவிடாதீர்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் இராணுவ வீரர்களைத் தேடுவோர் ஒன்றை அறிய வேண்டும்: லண்டனில் இருந்த அவர்களுடைய பணிக் கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்துவிட்டன, எஞ்சியவை பதக்க அட்டைகளும் கருகிய தாள்களும்தான். நேதாஜியின் படையைப் பற்றிய ஆவணங்கள் டில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போகுமுன் தோட்டத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேடு, தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இரண்டும் கிடைக்குமா என்று பாருங்கள். எந்த மாதம் பெரட்டில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், ஒரு பெயர் நின்றுபோனது என்பது தெரிந்தால், முகாமில் எந்த மாதத்துப் பட்டியலைப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்:

நான் மறுபக்கத்தைச் சேர்ந்தவள். என் அப்பாவின் பெயரைத்தான் அவருடைய நண்பர் கடன் வாங்கிக்கொண்டு படைக்குப் போனார். அப்பாவோ சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, 415 கிலோமீட்டர் பாதையில் எங்கோ மண் சுமந்துகொண்டிருந்தார். படையிலிருந்து திரும்பியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி இறந்துவிட்டார் என்றதும், என் அம்மா தாலியறுத்துக் கருமாதியும் செய்துவிட்டார்கள். உயிரோடு திரும்பிய அப்பா, தம்மை எட்டு ஆண்டுகள் மகனாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து லயத்துத் தாயிடம் போய், இறந்தது உங்கள் பிள்ளை என்று தாமே சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைக்கு ஏன் உன் பெயரைக் கொடுத்தாய்?" என்று கேட்டார்களாம். நண்பரின் சொந்தப் பெயரை அப்பா ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். ஊர் சேலம் மாவட்டம் என்றும் இருக்கிறது. கோலகங்சார் அண்ணன், டில்லிக்கு எழுதும்போது எந்தப் பெயரில் கேட்க வேண்டும், இரண்டையும் எழுதலாமா?