யமஹா ஆர்15 பைக்கில் நெல்லூர் வரை: மணிக்கட்டு வலிக்கு என்ன செய்யலாம்?

வீடு தண்டையார்பேட்டை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் குனிந்தே ஓட்டுவதால் கும்மிடிப்பூண்டி போவதற்குள் மணிக்கட்டு கடுத்து, உள்ளங்கை மரத்துப்போகிறது. அடுத்த மாதம் நெல்லூர் போகணும். ஹேண்டிலை உயர்த்தும் ரெய்சர் போடலாமா, இல்லை மெத்தென்ற ஜெல் சீட்டா?

பதில் 1:
தம்பி, காசு செலவழிக்கும் முன் உட்காரும் விதத்தைப் பாருங்க. எடை முழுக்கக் கையில் விழுந்தால் எந்த ரெய்சரும் காப்பாற்றாது. முட்டியால் டேங்கை இறுக்கிப் பிடித்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, வயிறும் முதுகும் உடம்பைத் தாங்கும்படி ஓட்டணும். டேங்க் பக்கவாட்டில் கிரிப் பேட் ஒட்டினால் பேன்ட் வழுக்காது. அப்புறம் கிளட்ச், பிரேக் லீவர்: லீவர் மேலே விரல் வைத்தால் முன்கையும் விரலும் ஒரே நேர்கோட்டில் வரணும், லீவர் தூக்கலாக இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி லேசாகக் கீழே திருப்புங்க. ஓசி வேலை.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி. ரெய்சர் போட்டே ஆகணும் என்றால், போட்டதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்க ப்ரோ. பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது, எஞ்சின் ஓடும்போது திருப்பினால் ஐட்லிங் (ஆக்சிலரேட்டர் முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறவே கூடாது, ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகுகிறது என்று அர்த்தம்.

பதில் 3:
ஹைவேயில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும், கைக்கு அவ்வளவு தெரியாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதுதான் கை வலியில் உயிர் போகும். அதனால் விடியற்காலையில் கிளம்புங்க. சீட்டை ரொம்ப மெத்தென்று ஆக்காதீங்க, முன்னால் சறுக்கி மறுபடி கையில்தான் எடை விழும்.