முதல் உலகப்போர் மெடல் ஜோடி: ஓரத்துப் பெயர் அசலா? உதவுங்க

அல்சூர்வாசி:
வணக்கம். இதுவரைக்கும் பழைய ரூபாய் நோட்டு மட்டும்தான் வாங்கிட்டிருந்தேன். மெடல் இதுதான் முதல் தடவை. வாங்கின நாளிலிருந்து வயித்துல புளியைக் கரைக்குது.

போன மாசம் இங்கே பெங்களூர்ல ஒரு ஏலத்தில் எடுத்த லாட். வெள்ளியில் பிரிட்டிஷ் வார் மெடல், வெண்கலத்தில் விக்டரி மெடல். ரெண்டும் ஒரே ஆளுக்கு. ஓரத்தில் நம்பர், சாப்பர்ங்கிற பதவி, ஒத்தைப் பெயர், அப்புறம் '2 க்யூ.வி.ஓ. எஸ் அண்டு எம்'. அதாவது நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தோட பொறியாளர் பட்டாளம். (பெயரை இங்கே போடலை.) ரெண்டிலும் அசல் பெயர் பொறிப்புன்னு கேட்டலாக்கில் இருந்தது. எங்க தாத்தாவோட அப்பா அதே பட்டாளம். அவர் மெடல் எந்த அடகுக்கடையில் உருகிச்சோ. அந்த நினைப்புல கையைத் தூக்கிட்டேன். ஏலச் சுத்தியல் 9,000-ல் விழுந்தது. பிரீமியம் (ஏலக்காரங்க கமிஷன்), ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 11,000-ஐத் தாண்டிடுச்சு.

வெள்ளி மெடலில் எழுத்து ரொம்ப மெலிசா இருக்கு. நெட்ல பார்க்கிற வெள்ளைக்காரங்க மெடலில் வேற மாதிரி இருக்கு. ஓரத்தில் ரெண்டு மூணு நசுங்கல். போதாததுக்கு வெள்ளியில் 1914, 1918, வெண்கலத்தில் 1914-1919. ஒரே சண்டைக்கு ரெண்டு கணக்கா? டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டாங்களா?

இன்னொண்ணு. வெள்ளி கறுத்துக் கிடக்கு. விபூதி போட்டுத் துடைச்சா பளிச்னு ஆயிடும்னு அம்மா கையில வெச்சிட்டு நிக்கிறாங்க.

பழங்காசு:
முதல்ல அம்மா கையிலிருந்து மெடலை வாங்குங்க. குங்குமச்சிமிழுக்கு விபூதி சரி. மெடலில் அந்தக் கறுப்பு போனா திரும்ப வராது, எழுத்தோட விளிம்பும் சேர்ந்து தேயும்.

தேதியில் பிரச்சினை இல்லை. வார் மெடல் பின்பக்கம் குதிரை மேல புனித ஜார்ஜ், 1914, 1918. விக்டரியில் 1914-1919. சண்டை நின்னது 1918 நவம்பர், வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன்.

இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் எழுத்துப் பாணியே வேற. இங்கிலாந்து மெடல் படத்தைப் பக்கத்தில் வெச்சு முடிவு பண்ணாதீங்க. நசுங்கலும் பயப்படற விஷயம் இல்லை, நூறு வருஷம் பெட்டியில் உருண்டிருக்கு.

பார்க்க வேண்டியது ஓரத்தை அரம் போட்டு ராவியிருக்காங்களான்னு. பழைய பெயரை அழிச்சுட்டு வேற பெயர் போடறதுக்கு ரீநேம்டுன்னு சொல்வாங்க. ராவினா உலோகம் குறையும். ரெண்டு மெடலும் 36 மில்லிமீட்டர் விட்டம். எஸ்.பி. ரோட்டில் பிளாஸ்டிக் காலிப்பர் கிடைக்கும், இரும்பு வேண்டாம், கீறிடும். நாலஞ்சு திசையில் அளங்க. தொங்கவிடற கொக்கி ஒட்டியிருக்கிற இடத்தை லென்ஸ் வெச்சுப் பாருங்க. அரம் அங்கே போகாது, அதனால ராவின மெடலில் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படி நிக்கும்.

காக்ஸ்டவுன் செல்வி:
எழுத்தையும் பாருங்க. அச்சு வெச்சு அழுத்தின எழுத்துக்கு அடி தட்டையா இருக்கும். கையால வெட்டினதுக்கு அடி கூர்மையா, 'வி' மாதிரி பள்ளம் தெரியும், அப்படி இருந்தா சந்தேகப்படணும். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிச்சா போதும்.

ரிப்பன் எப்படி? பழைய பட்டு ரிப்பன் புற ஊதா விளக்கில் மங்கலாவே இருக்கும், புது நூல் நீலமா மின்னும். நோட்டு பார்க்க வாங்கின டார்ச் உங்ககிட்ட இருக்குமே.

ஏலப்பித்தன்:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு ப்ரோ? லண்டன்ல மெடல் டீலருங்க இருக்காங்க. கூரியர்ல போட்டா ஒரே வாரத்துல பதில் வந்துடும்.

பழங்காசு:
தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. 1972 பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின சரித்திரப் பொருள் பழம்பொருள் கணக்கில் வரும். தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. இந்த மெடல்கள் எல்லாம் நூறைத் தாண்டியாச்சு. கஸ்டம்ஸ்ல மாட்டினா மெடலும் போகும், வழக்கும் வரும். 11,000 ரூபாய் பொருளுக்கு இது தேவையா?

பழைய சாப்பர்:
தம்பி, நான் எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் என்ஜினியர் குரூப், அதே மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்) இருந்து ரிடையர் ஆனவன். (எங்களுக்கே பட்டப்பெயர் தம்பிதான். 1780-ல் ஆரம்பிச்ச பட்டாளம்.) பெயரைப் பிடிச்சுத் தொங்காதே. அந்தக் காலத்தில் ரோல்காலில் முனுசாமின்னு கூப்பிட்டா பத்துப் பேர் 'ஆஜர்'னு நிப்பான். நம்பர்தான் ஆள். ரெண்டு மெடலிலும் நம்பரை ஒவ்வொரு இலக்கமா ஒப்பிட்டுப் பாரு. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே எங்க பட்டாளத்து சென்டர் இருக்கு, உள்ளே மியூசியமும் இருக்கு. ராணுவ இடம், முன்கூட்டியே அனுமதி கேட்டுட்டுப் போ. அசல் மெடலைக் கண்ணால பார்த்தா பாதி சந்தேகம் தீரும்.

அல்சூர்வாசி:
பீன்யாவில் வொர்க்‌ஷாப் வெச்சிருக்கிற மச்சான்கிட்ட போய் அளந்தேன். வெள்ளி எல்லாப் பக்கமும் 36-ஐ ஒட்டியே வருது. கொக்கிக்கிட்ட படி இல்லை, எழுத்து அடி தட்டை.

பூதம் வெண்கலத்தில் இருக்கு! மூணு திசையில் 35.3, 35.4, 35.3. வளையத்துக்கு ரெண்டு பக்கமும், பழங்காசு சார் சொன்ன மாதிரியே, நகத்தால தடவினா ஒரு சின்ன மேடு தட்டுது. நம்பர் ஒண்ணுதான், ஆனா வெள்ளியில் 4-க்குத் தலை திறந்திருக்கு, வெண்கலத்தில் மூடியிருக்கு. பள்ளமும் செல்வி மேடம் சொன்ன 'வி'தான். ரிப்பன் ரெண்டும் நீலமா ஜொலிக்குது.

பழங்காசு:
ரிப்பனை விடுங்க, யார் வேணா மாத்தியிருப்பாங்க. நடந்தது இதுதான்னு நினைக்கிறேன். வெள்ளி அசல், தனியா கிடைச்சிருக்கு. ஜோடின்னா விலை ஏறுமேன்னு எவனோ ஜோடி இல்லாத ஒரு அநாதை விக்டரியைப் பிடிச்சு ராவி, அதே பெயரை வெட்டியிருக்கான். அநாதை விக்டரிக்குப் பஞ்சமே இல்லை. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலர்கிட்டப் போனப்போ ஏகப்பட்ட வார் மெடல் உருக்குக்குப் போச்சு. வெண்கலத்தை யாரும் சீண்டலை.

ஏலத்துக்கு முன்னாடி ஓரத்தோட படம் கேட்டீங்களா?

அல்சூர்வாசி:
இல்லை சார். முன்பக்கம், பின்பக்கம் படம் மட்டும் பார்த்தேன். நோட்டுக்கு ஓரம் ஏது, பழக்கதோஷம்.

காக்ஸ்டவுன் செல்வி:
இன்னிக்கே மெயில் போடுங்க. அளவு, காலிப்பரோட படம், கேட்டலாக் வரி மூணும் ஒரே மெயிலில் இருக்கட்டும். ஏமாத்திட்டீங்கன்னு எழுதாம, விவரிப்புக்கும் பொருளுக்கும் பொருந்தலைன்னு எழுதுங்க. அவங்க டெர்ம்ஸ்ல ஆட்சேபத்துக்கு எத்தனை நாள்னு முதல்ல பாருங்க.

அல்சூர்வாசி:
பதில் வந்துடுச்சு. முழு லாட்டையும் திருப்பினா பணம் தருவாங்களாம். வெண்கலத்தை மட்டும் எடுத்துக்க மாட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்.

பழைய சாப்பர்:
வெள்ளி அசல்தானே? அப்புறம் என்ன யோசனை?

அல்சூர்வாசி:
திருப்பலை அய்யா. அம்மாவும் வேண்டாம்னுட்டாங்க.

பழங்காசு:
அப்போ ரெண்டையும் தனித்தனியா வைங்க. ஸ்டேஷனரி கடை பிவிசி கவர் வேண்டாம், வெண்கலத்தில் பச்சையா பிசுபிசுன்னு கசியும். விக்டரி கவர் மேல 'பெயர் மாற்றியது'ன்னு எழுதிடுங்க. பின்னாடி உங்க வீட்டில் யாராவது வித்தா, வாங்கறவனுக்குத் தெரியணும்.

அல்சூர்வாசி:
எழுதிட்டேன் சார். 35.3-னு அளவையும் சேர்த்து.