ஆசிரியர் இல்லாமல் நகை செய்யப் பழகுபவர் எதில் தொடங்க வேண்டும், எப்போது விற்கலாம்?

கேள்வி — புதுக்கம்பி

வணக்கம். யாரிடமும் முறையாகப் பயிலாமல், காணொளிகளையும் சில புத்தகங்களையும் துணையாகக் கொண்டு கைவினை நகைகள் செய்யப் பழகி வருகிறேன். மணி கோப்பதும், கம்பியை வளைத்துக் கல்லைச் சுற்றிக் கட்டுவதும் ஓரளவு கைவந்துவிட்டன. அடுத்து வெள்ளியில் மோதிரமும் தோடும் செய்ய ஆசை. ஆனால் ரம்பம், அரம், டார்ச், பற்றுப்பொடி, அமிலம் என்று நீளும் பட்டியலைப் பார்த்தால் எதை முதலில் வாங்குவது, எதை முதலில் பழகுவது என்று விளங்கவில்லை. ஆசிரியர் இல்லாமல் இதில் எவ்வளவு தூரம் செல்ல முடியும்? செய்ததை விலைக்குக் கொடுக்க எந்த நிலையில் துணியலாம்? நண்பர்களின் பாராட்டை மட்டும் நம்பி முடிவெடுக்க மனம் வரவில்லை.

பதில் 1 — செம்புத்தகடு

நானும் தானாகப் பழகியவன் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கருவிகளை வாங்குவதை நிறுத்துங்கள். உருண்டை முனைக் குறடு ஒன்று, தட்டை முனைக் குறடு இரண்டு, கம்பி வெட்டும் குறடு ஒன்று, அரம் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று ஆகியவை இருந்தால் பல மாதங்களுக்கு வேலை இருக்கிறது. வெள்ளிக்குப் போகும் முன் செம்பில் பழகுவது நல்லது. விலை குறைவு என்பதோடு, அடிக்க அடிக்க இறுகுவதும் சூடு காட்டினால் மீண்டும் இளகுவதும் இரண்டு உலோகங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடக்கும்.

கம்பி வாங்கும்போது கேஜ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்க அளவில் 18 கேஜ் கம்பி சுமார் 1.02 மி.மீ. பருமன் கொண்டது, பிரிட்டிஷ் அளவில் அதே எண் 1.22 மி.மீ. பருமனைக் குறிக்கும். காணொளியில் பார்த்ததுபோல் உங்கள் கம்பி வளைய மறுத்தால், குறை கையில் இல்லாமல் இந்த எண்ணில் இருக்கக்கூடும். எப்போதும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள்.

வேலையில் முதலில் பழக வேண்டியது ஜம்ப் ரிங் எனப்படும் சிறு இணைப்பு வளையம். அதைத் திறக்கும்போது இரு முனைகளையும் வெளிப்பக்கமாக விரிக்காமல், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருகித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். விரித்துத் திறந்த வளையம் மறுபடி வட்டமாகாது. மூடிய வாயில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு ஒரே மாதிரியான வளையங்களைச் செய்யும் வரை வேறு எதற்கும் போக வேண்டாம் என்பேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பிற்பாடு பற்றவைப்பதில் வெற்றியும் தோல்வியும் இந்த மூடலில்தான் இருக்கின்றன.

ரம்பத்தைப் பற்றிச் சுருக்கமாக: இழையின் பற்கள் கைப்பிடியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், கீழே இழுக்கும்போது மட்டுமே அது வெட்டும், அழுத்தினால் உடையும். எல்லோருக்கும் நிறையவே உடையும். அதற்காகவே இழைகளைக் கட்டாக விற்கிறார்கள்.

பதில் 2 — பட்டறைவாசி

மேலே நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் நெருப்பு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. நான் பட்டறையில் பெரியவர்களின் அருகில் அமர்ந்து கற்றவன். கம்பி வேலையும் ரம்ப வேலையும் தனியாகவே வரும். தவறினால் உலோகம்தான் வீணாகும். பற்றவைப்பதை மட்டும், சில நாட்களாவது, அறிந்த ஒருவரின் அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். உலோகம் நிறம் மாறுவதையும், இணைப்பில் பூசும் வெண்காரம் முதலில் பொங்கிப் பிறகு கண்ணாடிபோல் தெளிவதையும், இணைக்கப் பயன்படும் உலோகமான பற்று உருகி ஒரு நொடியில் இணைப்பினுள் ஓடுவதையும் திரையில் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம், ஏனெனில் கேமரா ஒளியை உள்ளபடி காட்டுவதில்லை.

பழகுபவர்கள் பலரும் சுடரைப் பற்றின் மீது காட்டுகிறார்கள். பற்று வெப்பம் மிகுந்த இடத்தை நோக்கி ஓடும் இயல்புடையது. எனவே நகை முழுவதையும் சீராகச் சூடாக்கி, இணைப்பின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெப்பநிலையை எட்டச் செய்தால், பற்று தானாகவே உள்ளே இறங்கும். இடைவெளியை அது நிரப்பாது. 925 வெள்ளியில் 92.5 விழுக்காடு வெள்ளியும் எஞ்சியது பெரும்பாலும் செம்புமாக இருப்பதால், அது தூய வெள்ளியின் உருகுநிலையான 961 டிகிரி செல்சியசுக்கு வெகு முன்பே, 800 டிகிரியைத் தாண்டியவுடன், உருகத் தொடங்கிவிடும். பற்று ஓடும் வெப்பத்துக்கும் நகை சரிந்துவிடும் வெப்பத்துக்கும் இடையே அதிக தூரம் இல்லை.

காட்மியம் கலந்த பற்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதன் புகை நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். சன்னல் திறந்த, காற்று வெளியேறும் இடத்தில் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். சூட்டில் கறுத்த வெள்ளியைத் தெளியவைக்க வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலே போதும். அதற்குள் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள், விட்டால் கரைசலில் உள்ள செம்பு வெள்ளியின் மேல் படிந்துவிடும். முத்து, ஓபல், டர்க்காய்ஸ் போன்றவை நெருப்பையும் அமிலத்தையும் தாங்காதவை. அவற்றை எல்லா வேலையும் முடிந்த பிறகே பதிக்க வேண்டும்.

பதில் 3 — மணிக்கோவை

நெருப்பைத் தொடாதவர்கள் நகை செய்பவர்களே அல்லர் என்பதுபோல் பேச்சு போகிறது. நான் மணியும் நூலும் மட்டுமே கையாள்பவள். அதிலேயே ஒருவர் நெடுங்காலம் வளரலாம். எப்போது விற்கலாம் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செய்ததை முதலில் நீங்களே அணியுங்கள். தூங்கும்போது, வியர்க்கும்போது, கம்பளி உடையின் மேல் என்று எல்லா நிலையிலும் அணிந்து பார்த்தால், எந்தக் கம்பி முனை நூலைப் பிடித்து இழுக்கிறது, எந்தக் கொக்கி தானாகத் திறக்கிறது என்பதை நகையே சொல்லிவிடும். பிறகு, உங்களை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், எங்கே பழுதானது என்று கேளுங்கள்.

காதில் துளையினூடே செல்லும் கம்பிக்குத் தனிக் கவனம் வேண்டும். 0.8 மி.மீ. பருமன் பெரும்பாலோருக்குப் பொருந்தும். முனையை அரத்தால் உருட்டி மழுமழுப்பாக்க வேண்டும். வளைத்த பின் மெல்லத் தட்டினால் வடிவம் குலையாமல் இறுகி நிற்கும். செம்பையும் பித்தளையையும் காதுக்குள் விடாதீர்கள். நிக்கல் பலருக்கு ஒவ்வாமை தருவது. ஐரோப்பிய ஒன்றியம் துளைக்குள் செருகும் அணிகளில் நிக்கல் கசிவை வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கும் குறைவாக வரையறுத்திருக்கிறது. உலோகம் எதுவென்று உங்களுக்கே தெரியாத கொக்கியை அடுத்தவர் காதுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, அடுத்தவரின் வடிவத்தைப் பார்த்துச் செய்து பழகலாம். அதை விற்பது எனக்கு உடன்பாடில்லை.

புதுக்கம்பி

மூவருக்கும் நன்றி. டார்ச் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, செம்பும் ரம்பமும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பற்றவைக்க யாரிடமாவது சென்று கற்கிறேன். பட்டறைவாசி ஐயாவிடம் ஒரு சிறு ஐயம்: வெள்ளியை உருக்காமல் மென்மையாக்கச் சூடாக்கும்போது போதுமான வெப்பம் ஏறிவிட்டதை எவ்வாறு அறிவது?

பட்டறைவாசி

ஏறத்தாழ 600 முதல் 650 டிகிரி வரை போதும். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியக்கூடிய மெல்லிய செம்மை அந்த நிலையில் தோன்றும். வெயில் விழும் மேசையில் அது தெரியாது, தெரியும்போது அளவு கடந்திருக்கும். கண் பழகும் வரை, அழியாத மை கொண்ட மார்க்கரால் தகட்டின் மேல் ஒரு கோடு இட்டுச் சூடாக்குங்கள். கோடு மறைந்ததும் சுடரை விலக்கி, செம்மை முற்றிலும் அடங்கிய பிறகு தகட்டைத் தண்ணீரில் இடுங்கள்.