சிவப்பு வண்டியில் தண்ணீர் குறைகிறது

குழு: மேலத்தெரு வீடு

வெள்ளிக்கிழமை

காலை 6:12
நான்: சிவப்பு டிராக்டர் வண்டி நேற்றும் ஹீட் ஆகிவிட்டது. சம்பா சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தேன், மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) முடிப்பதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. வரப்போரம் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். இப்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் மூன்று லிட்டர் தண்ணீர் பிடித்தது. கீழே தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

6:15
பெரியப்பா: நான்கு நாளாக இதே பாடுதான். கடைத்தெருப் பட்டறையில் கேட்டேன். கீழே ஒழுகவில்லை என்றால் எஞ்சினுக்குள்தான் போகிறது, ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, இறக்க வேண்டும் என்கிறார். 12,000 ஆகுமாம். நாற்றுக்கு 25 நாள் ஆகிவிட்டது, நடவைத் தள்ளிப்போட முடியாது.

6:21
சித்தி: ஒரு கைப்பிடி மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போட்டு ஓட்டுங்கள். எங்கள் அப்பா லாரியில் அப்படித்தான் செய்வார். ஒழுகல் நின்றுவிடும்.

6:34
பட்டுக்கோட்டை மாமா: வேண்டாம்மா. நடுவழியில் ஒழுகும் லாரியை ஊர் கொண்டுவந்து சேர்க்க அது உதவும், நானே செய்திருக்கிறேன். ஊசித்துளையை அடைக்கிற அதே தூள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். ஏற்கெனவே சூடாகிற வண்டிக்கு அது ஆகாது.

6:36
பட்டுக்கோட்டை மாமா: அத்தான், ஹெட்டில் இன்றைக்கு யாரும் கை வைக்க வேண்டாம். தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு காசு செலவு செய்யலாம். மாப்பிள்ளை, காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தாயா?

6:37
நான்: இல்லை மாமா. தண்ணீர் ஊற்றியதோடு சரி.

6:41
பட்டுக்கோட்டை மாமா: நல்லது. ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே இருக்கட்டும். ஆயில் சம்பின் (எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டியின்) அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்து. முழுதாகக் கழற்றாதே, சொட்டுச் சொட்டாக வந்தால் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி இது. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் ஆயிலுக்கு அடியில் போய்த் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும். கீழே ஒரு வெள்ளைத் தட்டு வைத்துக்கொள்.

7:05
நான்: [படம்]
நான்: வெறும் கறுப்பு ஆயில்தான் மாமா. ஆயில் குச்சியிலும் பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை.

7:08
பட்டுக்கோட்டை மாமா: நிம்மதி. அடுத்த சோதனைக்கு ஃபேன் பெல்ட்டைக் கழற்று. அந்தப் பெல்ட் வாட்டர் பம்பைச் சுற்றினால் ரேடியேட்டர் தண்ணீரும் ஓடும், ஓட்டத்தையும் கொப்புளத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. தண்ணீரை வாய் வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய். ஒரு நிமிடம் போதும், அதற்கு மேல் ஓட்டாதே. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் வரும் தகடு) போயிருந்தால் சிலிண்டரின் காற்று தண்ணீரில் புகுந்து குபுகுபுவென்று கொப்புளம் விடும்.

7:09
அக்கா: மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறடா தம்பி. நேற்று மாதிரி வெயிலில் நிற்கும்போது கை வைக்காதே.

7:12
பட்டுக்கோட்டை மாமா: சரியாகச் சொன்னாள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். 7 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி என்றால் 110 வரைகூடத் தாங்கும். மூடி திறந்த நொடி ஆவியும் கொதிதண்ணீருமாக மேலே பாயும். என் வலது முழங்கைத் தழும்பு அப்படி வந்ததுதான். அப்புறம், சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹெட்டில் விரிசல் விழும்.

7:38
நான்: மாமா, கொப்புளம் இல்லை. தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி நின்றது. ஆனால் பெல்ட்டைக் கழற்றும்போது ஒன்று கவனித்தேன். ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டொக் டொக் என்று ஆடுகிறது.

7:40
பட்டுக்கோட்டை மாமா: வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்திருக்கிறது! எஞ்சின் முன்பக்கத்தைக் கழுவிவிட்டுப் படம் போடு.

8:25
நான்: [படம்]
நான்: [படம்]
நான்: சேறு ஒரு விரற்கடை கனம் அப்பியிருந்தது. கழுவிய பிறகு பார்த்தால் பம்புக்குப் பின்னால் எஞ்சின் பிளாக் முழுக்க வெள்ளையும் துரு நிறமுமாகப் பூத்திருக்கிறது. உப்பளத்துப் பாத்தி மாதிரி.

8:31
பட்டுக்கோட்டை மாமா: தரையில் ஏன் சொட்டவில்லை என்று இப்போது புரிகிறதா? இந்த வண்டியில் ஃபேன் பம்ப் தண்டிலேயே இருக்கிறது, காற்றை எஞ்சின் பக்கம் இழுக்கும். ஓடும்போது கசிகிற தண்ணீரை அது பிளாக்கில் தூவிவிடுகிறது. சூட்டில் தண்ணீர் போய்விடும், உப்பு மட்டும் தங்கும். மிச்ச ஈரத்தைச் சேறு குடித்துவிடும். நான்கு நாளும் தண்ணீர் உங்கள் கண் முன்னால்தான் போயிருக்கிறது.

8:33
பட்டுக்கோட்டை மாமா: பம்ப் உடம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதில் ஈரம் இருக்கிறதா?

8:44
நான்: துளையே தெரியவில்லை மாமா. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஏதோ பசை வைத்து அடைத்திருக்கிறது. கல் மாதிரி இறுகிவிட்டது.

8:52
பெரியப்பா: அதை அடைத்தது நான்தான். போன தை மாதம் அந்தத் துளையில் சொட்டியது. ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து அடைத்தேன். சொட்டு நின்றது, அத்தோடு மறந்துவிட்டேன்.

8:58
பட்டுக்கோட்டை மாமா: அத்தான், நிறையப் பேர் இப்படித்தான் அடைக்கிறார்கள், பட்டறைக்காரர்கள்கூட. அது செய்தவர்களே வைத்த துளை. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே வரும். அங்கே சொட்டினால் சீல் மாற்று என்று அர்த்தம். அடைத்ததும் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிட்டது. ஃபேன் ஆடுவது அதனால்தான். இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழித்திருக்கும்.

9:02
பெரியப்பா: சரி மாப்ளே. என்ன வாங்க வேண்டும், சொல். நானே போய் வாங்கி வருகிறேன்.

9:10
பட்டுக்கோட்டை மாமா: பழைய பம்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டு வாங்கலாம். சீல் கிட் மட்டும் போட்டால் இந்தப் பேரிங்குக்கு ஆகாது, முழுப் பம்பாக வாங்குங்கள். பம்ப் கேஸ்கெட், புது ரேடியேட்டர் மூடி, கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கிற திரவம்) எல்லாம் வேண்டும். மாப்பிள்ளை, ரேடியேட்டரின் கீழ் ஹோஸை இரண்டு முனையிலும் அமுக்கிப் பார்.

9:16
நான்: எஞ்சின் பக்க முனை இட்லி மாதிரி மெத்தென்று இருக்கிறது. கிளாம்ப் ரப்பரை அறுத்திருக்கிறது.

9:17
பட்டுக்கோட்டை மாமா: அதையும் சேர்த்து மாற்று.

9:30
அக்கா: வடிக்கிற பழைய கூலன்ட்டைத் திண்ணை ஓரமாக ஊற்றிவிடாதீர்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். கன்றுக்குட்டி நக்கிவிடும், நாயும்தான். வாளியில் பிடித்து மூடி வையுங்கள்.

9:33
சித்தி: கன்றைக் கொல்லைப்புறம் மாற்றிக் கட்டிவிட்டேன்.

மதியம் 2:20
பெரியப்பா: எல்லாம் சேர்த்து 3,400 ஆனது. வாங்கிவிட்டேன்.

2:28
பட்டுக்கோட்டை மாமா: பழைய கேஸ்கெட்டைப் பிளாக்கிலிருந்து சுத்தமாகச் சுரண்டு. ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் கசியும். சுரண்டிய தூள் உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள், மூட்டும்போது மறக்காமல் எடு. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. ரேடியேட்டர் இறகுகளில் வைக்கோல் தூசும் சேறும் இருக்கும், ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவு. முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

2:31
நான்: கூலன்ட்டைப் போர் தண்ணீரில் கலக்கலாமா மாமா?

2:35
பட்டுக்கோட்டை மாமா: கூடாது. நம் ஊர் போர் தண்ணீர் காய்ச்சின பாத்திரத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் ஏறும். பேட்டரிக்கு வாங்குகிற தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்துகொள். இங்கே பனி உறையப்போவதில்லை, நமக்குக் கூலன்ட் வேண்டியது துருப் பிடிக்காமல் இருக்கத்தான். மூடி போடாமல் ஓடவிடு. மேல் ஹோஸ் திடீரென்று சுடும், அப்போது தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) திறந்திருக்கிறது. உள்ளே தங்கிய காற்று வெளியே வந்து மட்டம் இறங்கும். அதை நிரப்பிவிட்டு மூடு.

மாலை 6:10
நான்: மூட்டியாகிவிட்டது. பக்கத்து ஊர் கார் பட்டறையில் அழுத்தம் பார்க்கிற பம்ப் வாங்கி வந்து, எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டரில் 7 பிஎஸ்ஐ ஏற்றி வைத்தேன். பதினைந்து நிமிடம் முள் அசையவில்லை. வாட்டர் பம்புக்கு அடியில் டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருக்கிறது. அந்தத் துளை திறந்தே இருக்கிறது.

6:14
பட்டுக்கோட்டை மாமா: நாளைக்கு இரண்டு மா மட்டும் ஓட்டு. ராத்திரி நிற்கட்டும். மறுநாள் காலை மூடி திறந்து மட்டத்தைப் பார்த்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 5:58
நான்: [படம்]
நான்: மாமா, முந்தாநாள் ஊற்றிய அதே மட்டம். விரல் வைத்தவுடன் நனைகிறது. முள் நேற்று முழுக்க நடுவிலேயே நின்றது.

6:01
பெரியப்பா: நாற்றுப் பறிக்க ஆள் சொல்லிவிட்டேன். மீதி நிலத்தை இன்றைக்கே ஓட்டிவிடு தம்பி.

6:03
பட்டுக்கோட்டை மாமா: ஓட்டு. பெல்ட்டை மட்டும் மதியம் ஒருமுறை அமுக்கிப் பார். புதுப் பெல்ட் இல்லை என்றாலும் புதுப் பம்பில் கொஞ்சம் தளரும்.